வலது பக்கத்துப் போல்ட்

உங்கள் மேஜை விளக்கு விட்டு விட்டு எரிவதற்குப் பல்பு காரணம் இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. பிளக்குக்குள் ஒரு திருகு தளர்ந்திருக்கிறது. நீங்கள் பல்பை மாற்றி மாற்றிப் பார்த்திருப்பீர்கள், விற்ற கடைக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டியும் இருப்பீர்கள். பாவம் அந்த மனிதர். ஒரு திருப்புளி கிடைத்தால் பேசிக்கொண்டே முடுக்கிக் கொடுத்துவிடுவேன். வேண்டாம் என்கிறீர்கள். மருமகனைப் பறிகொடுத்துவிட்டு வந்திருப்பவரை வேலை வாங்குவதா என்று யோசிக்கிறீர்கள். நல்ல மனசு உங்களுக்கு.

நல்ல மனசு என்பதால்தான் சற்றுமுன் அப்படிச் சொன்னீர்கள். "பெரியவரே, வேணும்னு யாரும் செய்யறதில்ல. வயசாச்சு, கவனக்குறைவு, அவ்வளவுதான். ஒரு கையெழுத்தப் போட்டுட்டுக் கிளம்புங்க. மக வெளிய காத்துக்கிட்டிருக்காங்க." அந்த ஒரு சொல் எனக்குத் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. கவனக்குறைவு. படகுத் துறையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். என்னைச் சிடுமூஞ்சி என்பார்கள், கஞ்சன் என்பார்கள், வாயைத் திறந்தால் மூட மாட்டான் என்பார்கள். என்னைக் கண்டாலே ஆகாதவன்கூடக் கவனக்குறைவு என்று சொல்ல மாட்டான். அதனால்தான் பேனாவைக் கீழே வைத்தேன். கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள். கேட்ட பிறகு நீங்களே அந்தச் சொல்லை அடித்துவிடுவீர்கள்.

வீட்டுக்கு ஒயர் போடுகிறவன் சுவரை நம்பலாம். சுவர் ஆடாது, நனையாது. படகில் எல்லாம் ஆடும், எல்லாம் நனையும், மிச்சத்தை உப்பு தின்னும். வெறும் செம்புக் கம்பியை வைத்தால் ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் உறைக்குள்ளேயே பச்சை பூத்துப் பொடியாகிவிடும். வெளியே பார்த்தால் புது மாப்பிள்ளை போலப் பளபளவென்று இருக்கும். அதனால் வெள்ளீயம் பூசிய கம்பியைத் தவிர வேறொன்றை நான் கையால் தொடுவதில்லை. சாணுக்கு ஒரு பிடி போட்டுக் கட்டுவேன், படகு எப்படிக் குதித்தாலும் ஒயர் உரசக் கூடாது. இணைப்புக்குள் நுழைவதற்கு முன் ஒயரைக் கீழே ஒரு வளைவு விட்டு மேலே ஏற்றுவேன். அதன் மேல் வழிந்து வரும் தண்ணீர் வளைவிலேயே சொட்டிப் போய்விடும். பியூஸைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைப்பேன். தள்ளி வைத்தால் நடுவில் ஒயர் உரசித் தீப்பிடிக்கும்போது தடுக்க ஆளிருக்காது. உங்கள் ஆட்கள் அந்தப் படகைப் பிரித்துப் பார்த்தார்களே, இதில் எதிலாவது குறை சொன்னார்களா? சொல்லியிருக்க முடியாது.

அவர்கள் கண்டுபிடித்தது ஒரே ஒரு ஒயர். அதையும் நானே சொல்கிறேன், உங்களுக்குத் தெளிவாக இருக்கட்டும்.

மெயின் சுவிட்சின் பின்பக்கம் இரண்டு போல்ட் இருக்கும். பேட்டரியிலிருந்து வருவது இடது பக்கத்துப் போல்ட்டில். விளக்கு, ரேடியோ, எஞ்சின் சாவி என்று படகுக்குள் போவதெல்லாம் வலது பக்கத்துப் போல்ட்டில். சுவிட்சை அணைத்தால் வலது பக்கம் செத்துவிடும், இடது பக்கம் எப்போதும் உயிரோடு இருக்கும். படகில் ஒரே ஒரு ஒயர் மட்டும் அந்த உயிருள்ள பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். அடிப்பள்ளத்தில் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்பின் ஒயர். தண்ணீர் ஏறினால் ஒரு மிதவை எழும், பம்ப் தானாக ஓடும். ஆள் தூங்கலாம், பம்ப் தூங்கக் கூடாது. படகில் மின்சாரம் தொடுகிறவன் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடம் இது.

மாப்பிள்ளையின் படகில் அந்த ஒயர் வலது பக்கத்துப் போல்ட்டில் இருந்தது. இரண்டுக்கும் நடுவே மூன்று விரல் அகலம். வயசான கை, மூன்று விரல் தள்ளி மாட்டிவிட்டது. இதுதானே உங்கள் முடிவு.

என் மகளைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவளுக்கு நடக்கத் தெரிவதற்கு முன்பே அவள் அம்மா போய்விட்டாள். பட்டறையில் என் காலடியில்தான் வளர்ந்தாள். பொம்மை கேட்டு அழுததில்லை, ஒயர் முனையில் அமுக்குகிற செம்பு வளையங்களைக் கோர்த்துக் கழுத்தில் போட்டுக்கொள்வாள். நான் 'குட்டி' என்று கூப்பிட்டால் கையில் சரியான கருவியோடு வந்து நிற்பாள், என்ன வேண்டும் என்று கேட்க மாட்டாள். கல்யாணம் ஆனபோதும் நான் பெரிதாக எதையும் இழக்கவில்லை. மாப்பிள்ளை சொந்தம் என்று யாருமில்லாதவர். மாடி அறையைக் கொடுத்தேன். காலையில் அவள் மாடிப்படியில் இறங்கி வரும் சத்தம் கேட்டால்தான் எனக்குப் பொழுது விடியும்.

மாப்பிள்ளையைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர். சம்பாதித்ததை அவள் கையில் கொடுப்பார். எனக்குச் செருப்பு தேய்ந்தால் எனக்கு முன்னால் அவருக்குத் தெரியும். அவரை வெறுத்துத்தான் செய்தேன் என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள், அது பொய்.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். "மாமா, அந்தப் பக்கத் துறைமுகத்துல நிரந்தர வேலை கெடச்சிருக்கு. வீடும் தராங்க. படகுலயே போயிடலாம்னு பாக்கறோம். நீங்களும் வந்துடுங்க."

"நான் எங்க மாப்பிள்ளை வரது? பட்டறைய யார் தலையில கட்டறது?" என்றேன்.

"பட்டறையத் தூக்கிட்டு வந்து அங்க வெச்சுக்கலாம்பா. அங்கயும் படகு இருக்கு, அங்கயும் உப்பு இருக்கு" என்று குட்டி சிரித்தாள்.

அவள் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் எனக்கு வலித்தது. அழுதுகொண்டு சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. சாதத்தைப் பிசைந்தபடியே இருந்தேன். பிறகு மாப்பிள்ளை தயங்கித் தயங்கி அடுத்ததைக் கேட்டார். நீண்ட பயணம், படகில் ஒயர் எல்லாம் பழசு, நீங்கள் ஒருமுறை முழுசாகப் போட்டுத் தர வேண்டும், உங்கள் கை பட்டால்தான் எனக்கு நிம்மதி என்றார். என் மகளை என்னிடமிருந்து கொண்டுபோகும் படகை என் கையாலேயே பத்திரப்படுத்தித் தர வேண்டும். நியாயமான கோரிக்கைதான். சரி என்றேன்.

வேலையில் நான் வஞ்சனை செய்யவில்லை. பழையதை எல்லாம் உருவிப் போட்டுவிட்டுப் புதிதாக இழுத்தேன். பேட்டரிக்குப் பெட்டி அடித்து, வார் போட்டு இறுக்கினேன். குட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஒயர்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டினாள். பழைய நாள் திரும்பி வந்துவிட்டது போல இருந்தது. கடைசியாக மிச்சமிருந்தது பம்பின் ஒயர். குட்டி பிசின் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். வளையத்தை அமுக்கி, உறையை ஏற்றி, சூடு காட்டிச் சுருக்கினேன். இடது பக்கத்துப் போல்ட் வரை கொண்டுபோனேன். அங்கே கொஞ்ச நேரம் கை நின்றது. பிறகு வலது பக்கத்தில் மாட்டி நட்டை முடுக்கினேன்.

என் யோசனை இதுதான். படகு துறையில் கட்டிக் கிடக்கும்போது மெயினை அணைத்து வைப்பார்கள். எஞ்சினிலிருந்து வெளியே போகும் தண்டு இருக்கிறதே, அது படகின் உடம்பைத் துளைத்துக்கொண்டு தண்ணீருக்குள் போகிறது. அந்தத் துளையில் ஒரு நட்டு இறுக்கிப் பிடித்திருக்கும். அங்கே எப்போதும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தபடி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்டு சூடேறிவிடும். பம்ப் ஓடாவிட்டால் அந்தச் சொட்டே போதும். சில நாளில் படகு துறையிலேயே, இடுப்பளவுத் தண்ணீரில், தரை தட்டி உட்கார்ந்துவிடும். ஆளுக்கு ஆபத்தில்லை. எஞ்சின் பாழ், பயணம் பாழ், வேலைக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். மாடி அறை காலியாகாது. அவ்வளவுதான் நினைத்தேன், அதுவரைக்கும்.

எங்கள் துறையில் ஒரு பழக்கம் உண்டு. பழக்கம் என்ன, நான் ஏற்படுத்தியதுதான். வேலை முடிந்ததும் மெயினை அணைத்துவிட்டு, அடிப்பள்ளத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்ப்போம். அணைத்த நிலையிலும் பம்ப் ஓடினால், சுவிட்சின் பிடியில் ஒரு துண்டு நீல டேப் ஒட்டுவேன். என் நீல டேப் இருக்கிற படகை மறுபடி திறந்து பார்க்க யாருக்கும் தோன்றாது. அதைத் திறப்பது என்னை அவமானப்படுத்துவது போல என்று துறையில் ஒரு பேச்சு. அந்தப் பேச்சையும் நான்தான் வளர்த்தேன்.

மாப்பிள்ளை வாளியோடு வந்தார். மெயின் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. "அப்படியே ஊத்துங்க மாப்பிள்ளை, வெளக்கையும் சேத்துப் பாத்துடலாம்" என்றேன். ஊற்றினார். பம்ப் ஓடியது, தண்ணீர் வெளியே பீய்ச்சியடித்தது. அவருக்குப் பல்லெல்லாம் தெரிந்தது.

குட்டிதான் கேட்டாள். "அப்பா, ஆஃப் பண்ணிப் பாக்கலையா?"

அந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொடுத்தவன் நான். மாப்பிள்ளையின் கை சுவிட்சுக்கு அருகில்தான் இருந்தது. ஒரு திருப்புத் திருப்பியிருந்தால் அந்த நிமிடமே பம்ப் நின்றிருக்கும், நானும் தலையில் அடித்துக்கொண்டு, 'அட, கண்ணு போச்சு' என்று மாற்றி மாட்டியிருப்பேன். நீங்கள் சொல்கிற கவனக்குறைவு அங்கேயே முடிந்திருக்கும்.

"நீ கடைக்குப் போனப்பவே பாத்துட்டேம்மா" என்று சொல்லிவிட்டு, டேப்பைக் கிழித்து ஒட்டினேன். அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அப்பா பார்த்துவிட்டேன் என்றால் பார்த்துவிட்டார், அவளுக்கு அவ்வளவுதான்.

அத்தோடு படகு துறையில் கிடந்திருந்தால் நான் நினைத்தபடியே எல்லாம் போயிருக்கும். மாப்பிள்ளைக்குக் கை சும்மா இருக்கவில்லை. புது ஒயர், புது விளக்கு, சின்னப் பையன் மாதிரி ஆகிவிட்டார். "மாமா, ஒரு சுத்து போய்ட்டு வந்துடறேன். தூண்டிலப் போட்டுட்டு சாயங்காலம் திரும்பிடுவேன்" என்றார். குட்டியும் "நானும் வரேன்" என்று துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டாள்.

இந்த இடத்தை நீங்கள் கவனமாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

"குட்டி, எனக்குத் தலை சுத்துது. ஒரு டீ போட்டுத் தாம்மா" என்றேன்.

அவள் காலை எடுத்துவிட்டாள். "வெயில்ல உக்காந்து உக்காந்து இப்படித்தான். சொன்னாக் கேட்டாத்தான" என்று என்னைத் திட்டிக்கொண்டே பட்டறைக்குள் போனாள். எனக்குத் தலை சுற்றவில்லை, ஐயா. அதைவிடத் தெளிவாக நான் என்றைக்கும் இருந்ததில்லை.

அப்போது மாப்பிள்ளை குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார். "மாமா, தண்டுல சொட்டு கொஞ்சம் அதிகமாத் தெரியுதே. ஒரு முடுக்கு முடுக்கிடுங்களேன்." ஸ்பானரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். நட்டைத் திருகினேன். எந்தப் பக்கம் திருகினேன் என்று பிறகு சொல்கிறேன்.

"ஆச்சா மாமா?"

"ஆச்சு மாப்பிள்ளை. கெளம்புங்க."

கையைத் துடைத்துக்கொண்டு கரையேறினேன். அவர் கையசைத்தார், நானும் அசைத்தேன். குட்டி டீயைக் கொண்டு வந்தபோது படகு துறை முனையின் கற்சுவரைத் தாண்டியிருந்தது. டீயில் சர்க்கரை தூக்கல். குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றேன்.

பட்டறையில் ஒரு ரேடியோ வைத்திருக்கிறேன், துறையில் எல்லோரும் அதில்தான் என்னைக் கூப்பிடுவார்கள். மத்தியானம் குட்டி மாடியில் துணிமணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள், அவள் நடக்கும் சத்தம் மேலே கேட்டது. நான் ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையின் குரல் வந்தது.

"மாமா, வழக்கமாத் தூண்டில் போடற எடத்துலயே நங்கூரம் போட்டாச்சு. காத்தே இல்ல, கண்ணச் சொக்குது. நீங்க சொன்ன மாதிரி மெயின ஆஃப் பண்ணிட்டுக் கொஞ்ச நேரம் படுக்கறேன். பேட்டரி மிஞ்சட்டும்."

அதுவும் என் பாடம்தான். எஞ்சின் ஓடாதபோது மெயினை அணைத்து வையுங்கள் என்று அவருக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கியவன் நான். மெயினை அணைத்தால் ரேடியோவும் செத்துவிடும், பிறகு அவரைக் கூப்பிட வழியில்லை. மைக் என் கையில் இருந்தது. 'அணைக்காதீங்க' என்று ஒரே ஒரு வார்த்தை. காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அவர் கேட்கவும் மாட்டார். மேலே குட்டி எதையோ இழுத்து வைக்கும் சத்தம். பெட்டியாகத்தான் இருக்க வேண்டும்.

"மாமா, கேக்குதா?"

"கேக்குது மாப்பிள்ளை. படுங்க. நல்லாத் தூங்குங்க."

ரேடியோவில் ஒரு சின்ன 'டக்'. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. மைக்கை அதன் கொக்கியில் மாட்டிவிட்டு, மேஜையில் சிதறிக் கிடந்த ஒயர்த் துண்டுகளைப் பெருக்கி எடுத்தேன். வேலை முடிந்தால் மேஜை சுத்தமாக இருக்க வேண்டும் எனக்கு.

முன்பக்கத்துச் சின்ன அறையில் அவர் தூங்கியிருக்கிறார். தண்ணீர் முதலில் பேட்டரியை எட்டியிருக்கும், பேட்டரி மூழ்கிய பிறகு சுவிட்சைப் போட்டும் பயனில்லை. எழுந்து பார்த்தபோது நேரம் கடந்திருக்கும். நங்கூரக் கயிறு காலில் சுற்றியிருந்தது என்று உங்கள் ஆட்கள் சொன்னார்கள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. அதற்காக உண்மையிலேயே வருத்தப்படுகிறேன்.

சாயங்காலம் படகு வரவில்லை. குட்டி துறையின் முனைக்கும் பட்டறைக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். "அப்பா, ரேடியோல கூப்பிடுங்கப்பா, இன்னொரு தடவ கூப்பிடுங்கப்பா" என்றாள். கூப்பிட்டேன். அவள் சொன்ன ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டேன், ஒன்றுகூட விடவில்லை. பக்கத்துப் படகுக்காரர்கள் தேடக் கிளம்பினார்கள். நானும் போனேன். மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்த படகை முதலில் பார்த்துக் கை காட்டியதும் நான்தான். எங்கே பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும் அல்லவா.

இப்போது குட்டி மாடியில் படுப்பதில்லை. கீழே, அவள் சின்ன வயதில் இருந்த அறைக்கே வந்துவிட்டாள். பெட்டிகளைப் பிரித்தாயிற்று. முதலில் ஒரு வாய் சாப்பிடவில்லை. நான் தட்டோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். இப்போது பாதி சாப்பிடுகிறாள். பேச்சு குறைவுதான், ஆனால் வீட்டில் இருக்கிறாள். ராத்திரி அவள் புரண்டு படுத்தாலும் எனக்குக் கேட்கிறது. மனசு ஆற நாளாகும். எனக்கு அவசரம் இல்லை.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. உங்கள் ஆட்கள் வந்து வலது பக்கத்துப் போல்ட் என்று அவளிடம் சொன்னார்களே, அன்று வரை. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கத்துவாள், சட்டையைப் பிடிப்பாள் என்று நினைத்தேன். பிடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"விடுங்கப்பா. உங்களுக்கு வயசாயிடுச்சு, கை தவறிடுச்சு. யாரும் உங்களக் குத்தம் சொல்லல. நானாவது அன்னைக்கு ஆஃப் பண்ணிப் பாத்திருக்கணும். கேட்டேன், ஆனா பாக்கல. தப்பு என்னோடதுதான்."

என் கையைப் பாவமாகத் தடவிக் கொடுத்தாள். வேலைக்கு ஆகாத ஒரு பொருளைத் தடவுவது போல. சின்ன வயதிலிருந்து இந்தக் கையைப் பார்த்து வளர்ந்தவள். அன்றிலிருந்து பட்டறையில் நான் எதைத் தொட்டாலும், நான் அந்தப் பக்கம் போனதும் வந்து இழுத்துப் பார்க்கிறாள். நேற்று சமையலறைக்கு ஒரு பல்பு மாட்டினேன். ஸ்டூலைப் போட்டு ஏறி, சரியாக மாட்டியிருக்கிறேனா என்று திருகிப் பார்த்தாள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அதை என்னால் தாங்க முடியவில்லை, ஐயா. மற்றதெல்லாம் தாங்கிக்கொண்டேன்.

அந்த நட்டு. சொல்வதாகச் சொன்னேன் அல்லவா. இடது பக்கம் திருகினேன். தளர்த்தினேன். சொட்டு நின்று நூலாக ஓட ஆரம்பித்த பிறகும் இன்னொரு திருகு. எதற்கும் இருக்கட்டும் என்று விரலை நீட்டி ஒழுக்கின் கனத்தைப் பார்த்துக்கொண்டேன். ராத்திரி வரை தாங்காது, எஞ்சின் ஓடும்வரை பம்ப் இறைத்துக்கொண்டே இருப்பதால் ஒழுக்கு தெரியாது என்று கணக்குப் பார்த்துத்தான் விட்டேன். துறையில் இடுப்பளவுத் தண்ணீர் என்ற கதையெல்லாம் அந்த ஸ்பானரைக் கையில் எடுக்கும்போதே முடிந்துவிட்டது. என் மகள் ஏணியிலிருந்து காலை எடுத்து, பட்டறைக்குள் போய், ஸ்டவ்வைப் பற்றவைக்கும் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் நட்டைத் தொட்டேன். இது கவனக்குறைவா? நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். ஒயரிங்கில் கோளாறு இல்லை, போட்டவனுக்குக் கண்ணும் கையும் நன்றாக இருக்கின்றன, எது எங்கே போக வேண்டுமோ அங்கே அவன் விருப்பப்படியே போயிருக்கிறது என்று எழுதுங்கள். உடனே கையெழுத்துப் போடுகிறேன்.

குட்டி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவளை உள்ளே கூப்பிட்டு நீங்களே சொல்லிவிடுங்கள், நான் சொன்னால் சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்று நினைப்பாள். அப்பாவுக்குக் கை தவறவில்லை என்று சொல்லுங்கள். அவள் அன்றைக்குச் சுவிட்சை அணைத்துப் பார்க்காதது தப்பில்லை என்றும் சொல்லுங்கள். பாவம், அதை நினைத்து நினைத்து உருகுகிறாள். தெரிந்தால் மனசு லேசாகிவிடும். பழையபடி என்னிடம் பேசுவாள். கொஞ்சம் சீக்கிரம் முடித்துக் கொடுத்தால் நல்லது, ஐயா. காலையிலேயே அரிசியை அளந்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன், இரண்டு பேருக்கு.